விளக்கு வைத்ததும் 'வீல்'... பால் டின் வாங்க ஓட வேண்டாம்!

காரைக்கால்:

மாலை 6 மணி. பாரதியார் வீதியில் கடைகளுக்கு விளக்குப் போட்டாகி விட்டது. திருநள்ளாறு பக்கம் போகிற பஸ்சில் கூட்டம் பிதுங்குகிறது. அதே நேரத்தில் பிள்ளை பெற்ற வீடுகளில் ஒரு கச்சேரி ஆரம்பமாகிறது.

பகலெல்லாம் சமர்த்தாகத் தூங்கிய பச்சைக் குழந்தை, விளக்கு வைத்ததும் 'வீல்' என்று அலறுகிறது. தாய் எடுத்து மார்பில் போடுகிறாள். இரண்டு இழுப்பு இழுக்கிறது. விடுகிறது. அழுகிறது. மறுபடி தேடுகிறது. பத்து நிமிடம் கண் மூடுகிறது. கீழே படுக்க வைத்தால் மறுபடி 'வீல்'! இப்படியே இரவு 10 மணி, 11 மணி.

எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் தீர்ப்புச் சொல்லி விடுவார்கள்.

"ஏண்டி, உனக்குப் பால் பத்தலைடி. புள்ள பசியில துடிக்குது பாரு" என்பார் பெற்ற தாய். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே! பார்க்க வந்த மருமகனிடம் அடுத்த வார்த்தை: "மாப்பிள்ளை, ஒரு எட்டு மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்துடுங்களேன்."

கடை சாத்துவதற்குள் ஒரு பால் டின் வீட்டுக்கு வந்து விடுகிறது. அதில் ஒரு அவுன்ஸ் கலந்து கொடுத்தால் குழந்தை 'அப்பாடா' என்று தூங்கியும் விடுகிறது.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல!"

அந்த டின்தான் வினை!

பசி அல்ல, பழக்கம்!

மாலையில் பச்சைக் குழந்தை அடிக்கடி பால் தேடுவது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். காரைக்கால் குழந்தைக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. அமெரிக்காவில் பிரேசில்டன் என்ற குழந்தை மருத்துவர், 80 குழந்தைகளின் தாய்மார்களிடம் தினமும் அழுகைக் கணக்கு எழுதி வைக்கச் சொன்னார். அந்தக் கணக்கு 1962-ல் வெளிவந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 1¾ மணி நேரம் அழுத குழந்தைகள், ஆறாவது வாரத்தில் 2¾ மணி நேரம் அழுதன. பிறகு அழுகை இறங்கி, 12-வது வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் கீழே வந்து விட்டது. அதிக அழுகை எந்த நேரத்தில்? மாலையில்தான்!

இத்தனைக்கும் அவை நோய் நொடி இல்லாத குழந்தைகள்.

மாலை நேரத்தில் பால் சுரப்பதன் வேகம் சற்றுக் குறையும். குழந்தை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகக் குடித்துச் சரிக்கட்டிக் கொள்ளும். ஹோட்டலில் முழுச் சாப்பாடு சாப்பிடாமல், மணிக்கு ஒரு தரம் டீயும் வடையுமாக வயிற்றை நிரப்புகிறவர்கள் இல்லையா? அந்தக் கதைதான். இப்படிச் சேர்த்துச் சேர்த்துக் குடித்த பிறகு பல குழந்தைகள் இரவில் ஒரு நீண்ட தூக்கம் போடும்.

பாலுக்குக் கணக்கு எளிது. மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு சுரக்கும். குழந்தை இழுக்க இழுக்க, 'இன்னும் வேண்டும்' என்ற தகவல் உடம்புக்குப் போகிறது. பால் தேங்கி நின்றால் 'போதும், நிறுத்து' என்ற தகவல் போகிறது.

இப்போது டின் கதைக்கு வருவோம். மாலையில் ஒரு புட்டிப்பால் கொடுத்தால், அந்த நேரத்தில் மார்பு காலியாவதில்லை. மறுநாள் அந்த அளவுக்குச் சுரப்பு குறைகிறது. குழந்தை இன்னும் அழுகிறது. புட்டி இரண்டாகிறது. சில வாரத்தில் "நான் அப்பவே சொன்னேன், இவளுக்குப் பால் இல்லை" என்ற பேச்சு நிஜமாகவே ஆகி விடுகிறது. இல்லாத குறையை டின் உண்டாக்கி விட்டது!

சுலபமாக வரும் புட்டியின் காம்புக்குப் பழகிய சில குழந்தைகள், உழைத்து இழுக்க வேண்டிய மார்பை வெறுப்பதும் உண்டு. புட்டி கழுவுகிற தண்ணீர், பவுடரைச் சிக்கனம் பிடித்து நீர்க்கக் கலப்பது, வயிற்றுப்போக்கு, மாதா மாதம் டின்னுக்கு ஆகிற செலவு எல்லாம் இதற்கு மேல்.

ஈரத்துணியே சாட்சி

அப்படியானால் பால் பத்துகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்து கொள்வது? அழுகையை வைத்து அல்ல. மார்பு 'கல்லு மாதிரி' இல்லை என்பதை வைத்தும் அல்ல. சில வாரம் போனால் மார்பு இளகி விடுவது இயல்பு. பீய்ச்சிப் பார்த்து "இத்தனூண்டுதான் வருது" என்பதும் கணக்கில் சேராது. குழந்தையின் வாய்க்கு வருகிற பால் கைக்கு வராது.

சாட்சி ஈரத்துணிதான். பிறந்து ஐந்து நாள் கழிந்த குழந்தை, 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்தால் பால் போகிறது என்று பொருள். கருப்பு மலம் போய் மஞ்சளாகி இருக்க வேண்டும். அடுத்த சாட்சி எடை. பிறந்த முதல் சில நாளில் எடை குறைவது எல்லாக் குழந்தைக்கும் உண்டு. அதைக் கண்டு பயந்தே பாதி வீடுகளில் டின் வாங்குகிறார்கள். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதற்குப் பிறகு தினம் 20 முதல் 30 கிராம் ஏறினால் கவலையே வேண்டாம். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் எடை பார்க்கக் காசு கேட்பதில்லை.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிப்பது சாதாரணம். "இப்பத்தானே கொடுத்தே, மறுபடியுமா?" என்று கேட்கிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைப்பது நல்லது.

அக்னி நட்சத்திரத்திலும் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவை இல்லை. தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர்தான். தண்ணீர் தேவைப்படுவது தாய்க்கு! "தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்" என்று பிள்ளை பெற்றவளுக்குச் செம்பை மறைத்து வைக்கிற பத்தியம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டியதுதான். பூண்டும் சுறாப்புட்டும் பால் சுரக்க வைக்கும் என்று கடலோரத்தில் நம்பிக்கை. தாய்க்குத் தெம்பு தரும், சரி. ஆனால் பெரிய சுறாவில் பாதரசம் சேரும். ஆகவே அது தினப்படிச் சாப்பாடாக வேண்டாம். பால் சுரக்க வைப்பது குழந்தையின் வாய்தான்.

உரம் எடுக்கலாமா?

டின் வாங்காத வீட்டில் வேறு வைத்தியம் நடக்கும். "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் குழந்தையைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து உருட்டுவார்கள். பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலையே உடம்பில் கனமான பாகம். இந்த உருட்டலும் உலுக்கலும் மூளைக்குள் ரத்தக் கசிவு வரை கொண்டுபோய் விடலாம். உருட்டி முடித்ததும் குழந்தை அடங்கி விடுகிறதே என்றால், பயந்து களைத்து அடங்குகிறது. உரம் 'எடுபட்டதால்' அல்ல!

'தொக்கம்' எடுப்பதாக வாயில் ஊதுவதும், தொண்டையில் விரல் விடுவதும் அதைவிட மோசம். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நேரே நுரையீரலுக்குப் போகலாம். வசம்பைச் சுட்டு உரைத்துப் புகட்டுவதையும் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். கையில் கட்டும் வசம்பு வளையல் வாய்க்குள் போக எத்தனை நேரமாகும்? நாக்கில் தடவுகிற தேனில் ஒரு விஷக்கிருமியின் விதை இருக்கக்கூடும். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. சாம்பிராணி வாசனை பெரியவர்களுக்கு நன்றாக இருக்கலாம். குழந்தையின் மூச்சுக்கு அது புகை, அவ்வளவுதான். கொசுவர்த்திச் சுருளும் அப்படியே.

உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டுத் திருஷ்டி கழிப்பதால் குழந்தைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. மிளகாயை அடுப்பில் போடும்போது குழந்தை அடுத்த அறையில் இருந்தால் போதும். பாட்டிக்கு நிம்மதி!

மாலையில் வருகிற விருந்தாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "புள்ளையப் பாக்க வந்தோம்" என்று ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் சரியாக 6 மணிக்குத்தான் வருவார்கள். குழந்தை பத்துக் கை மாறும். தாய் முந்தானையைச் சரி செய்துகொண்டு பேசிக் கொண்டிருப்பாள். பால் கொடுக்கிற நேரம் தள்ளிப் போகும். அவர்கள் போன பிறகு குழந்தை வைக்கிற கூச்சலுக்குக் கேட்கவா வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாமே!

தூக்கினால் கெட்டு விடுமா?

"தூக்கித் தூக்கிப் பழக்காதே, அப்புறம் இறங்காது" என்பது இன்னொரு உபதேசம். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தில் நடந்த ஆய்வு 1986-ல் வெளிவந்தது. அழுவதற்கு முன்பே, தினமும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதன. மாலை 4 மணி முதல் நள்ளிரவு வரை மட்டும் பார்த்தால் 51 சதவீதம் குறைவு. தூக்கினால் கெடவில்லை. அடங்கியது!

2022-ல் ஜப்பான், இத்தாலி விஞ்ஞானிகள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். 21 குழந்தைகளுக்கு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை ஒட்டி, தாய்மார்களை நடக்கச் சொன்னார்கள். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடந்தபோது அழுகை நின்றது. ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தூங்கியே விட்டன. உடனே கீழே படுக்க வைத்தால்தான் தகராறு. தூங்கிய குழந்தையை மடியில் வைத்தபடி ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு இறக்கினால் விழிப்பது குறைந்தது. அழுத்தமாகத் தூங்குவதற்கு அந்த நேரம் தேவைப்படுகிறது.

இதற்குத் தாய்தான் நடக்க வேண்டும் என்பது இல்லை. அப்பா நடக்கலாம், தாத்தா நடக்கலாம். சட்டையைக் கழற்றி விட்டு வெறும் மார்பில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு திண்ணைக்கும் கொல்லைக்கும் நாலு நடை போடலாம். பால் குடித்து முடித்த குழந்தையை ஒருவர் வாங்கிக்கொண்டால், அந்த நேரத்தில் தாய் சூடாக நாலு வாய் சாப்பிடுவாள். டின் வாங்க ஓடுகிற காலை இந்த நடைக்குப் பயன்படுத்தினால் பால் மிச்சம், பணமும் மிச்சம்.

தூளி கட்டி ஆட்டுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அரைக் கண் மூட அது நல்லதுதான். ஆனால் தூளியில் உடம்பு வளைந்து, முகவாய் நெஞ்சில் இடித்தால் மூச்சு திணறும். ஆகவே கண்ணெதிரில் மட்டுமே ஆட்ட வேண்டும். தூங்கிய பிறகு எடுத்துச் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். இரவு முழுவதும் தூளி வேண்டாம்.

இரவு 12 மணிக்கு மேல்

குழந்தைக்கு இரவு, பகல் தெரியாது. அந்தக் கடிகாரம் உடம்பில் ஓட ஆரம்பிக்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதுவரை வீட்டுக்காரர்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். பகலில் வெளிச்சம், பேச்சு, பாத்திரச் சத்தம் எல்லாம் இருக்கட்டும். இரவில் மங்கலான விளக்கு, பேச்சு இல்லை, கொஞ்சல் இல்லை, செல்போன் வெளிச்சம் இல்லை. மலம் போயிருந்தால் மட்டும் முழுதாகத் துணி மாற்றினால் போதும். இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் தூக்கத்துக்கு உதவும் 'மெலடோனின்' கூடுதலாக இருக்கிறது. டின் பாலில் அது கிடையாது.

இரவில் பால் கொடுப்பதை நிறுத்திப் பார்க்கலாம் என்று ஆரம்ப மாதங்களில் நினைக்கவே கூடாது. பால் சுரக்க வைக்கும் 'புரோலாக்டின்' இரவில்தான் அதிகம். ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளை 24 மணி நேரமும் எடை போட்டுப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. மொத்தப் பாலில் ஐந்தில் ஒரு பங்கை அவை இரவில் குடித்திருந்தன.

ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தால் தாய்க்கு இடுப்பு நோகாது. ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இது வசதி. ஆனால் சோபாவிலும் ஈசி சேரிலும் சாய்ந்தபடி கொடுத்து, அப்படியே தூங்கி விடுவது மிக மிக ஆபத்து. குழந்தை இடுக்கில் நழுவி மூச்சு முட்டி விடும்.

குழந்தை தூங்க நல்ல இடம், தாய்க்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், தனியாகக் கெட்டியான விரிப்பு. தரையில் பாய் விரித்து அதன் மேல் ஒரு துணி போட்டாலே போதும். மெத்து மெத்தென்ற மெத்தை, கனத்த போர்வை, பொம்மை ஒன்றும் கூடாது. தலை உருண்டையாக வரும் என்று வைக்கிற கடுகுத் தலையணையும் வேண்டாம். கொசுவுக்கு வலை கட்டினால் சரி. எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். 1990-களில் மேல்நாடுகளில் இந்த விஷயத்தை வீடு வீடாகச் சொன்னார்கள். தூக்கத்திலேயே குழந்தை இறந்து போவது பல நாடுகளில் பாதிக்கும் கீழே குறைந்தது!

காரைக்காலில் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மதுக்கடைக்குப் பெயர் போன ஊர் இது. குடித்து விட்டு வந்தவர் பச்சைக் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. புகை பிடிப்பவரும் அப்படித்தான். அவருக்குத் திண்ணை இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

பால் டின்னை விற்பது குற்றம் அல்ல. விளம்பரம் செய்வதுதான் குற்றம். 1992-ல் நாடாளுமன்றம் இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. 2003-ல் அதை இன்னும் இறுக்கியது. இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. டின்னோடு கிண்ணம், பொம்மை என்று பரிசு கொடுக்கக் கூடாது. கர்ப்பிணியிடமோ பெற்றவளிடமோ போய் "இது நல்ல பால்" என்று கம்பெனிக்காரர் பேசக் கூடாது. டின் மேல் குழந்தைப் படம் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட்டிருக்க வேண்டும். இரவு 9 மணிக்கு வேர்க்க விறுவிறுக்க ஒரு அப்பா வந்து கல்லா முன்னால் நின்றால், "டாக்டர் எழுதிக் கொடுத்தாரா?" என்று கேட்பது கடைக்காரர் செய்யக் கூடிய பெரிய உபகாரம்.

டாக்டரே எழுதிக் கொடுக்கிற குழந்தைகளும் உண்டு. எடை ஏறாத குழந்தை, குறை மாதக் குழந்தை, சில மருந்துகளோ நோயோ உள்ள தாய். அங்கே வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்போதும் புட்டியை விடப் பாலாடையே மேல். கழுவ எளிது, காம்புப் பழக்கம் வராது. நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடையைத்தான் இன்றைக்கு ஆஸ்பத்திரி நர்சுகளும் கையில் எடுக்கிறார்கள். பால் கொடுக்கும்போது வலி, வெடிப்பு என்றால் குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று அர்த்தம். வாயை அகலத் திறக்க வைத்து, கருவட்டமும் உள்ளே போகிற மாதிரி பிடித்தால் பல பேருக்கு வலி நின்று விடும். பால் போவதும் கூடும்.

எப்போது ஓட வேண்டும்?

டின்னுக்கு ஓட வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அழுகை வேறு. இரண்டு, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். பால் குடிக்கவே மறுப்பது. எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது. மூச்சு வேகமாக வாங்குவது. பச்சை நிறத்தில் வாந்தி. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள். சிறுநீர் குறைந்து போவது. வழக்கம் இல்லாத கீச்சுக் குரலில் விடாத அழுகை. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் 108.

தாயின் அழுகையையும் யாராவது கவனிக்க வேண்டும். தூக்கம் இல்லாமல், "உனக்குப் பால் இல்லை" என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு, இரவு 2 மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவள் அவள். ஆத்திரம் பொங்கினால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் படுக்க வைத்து விட்டு, ஐந்து நிமிடம் வாசலில் போய் நிற்கலாம். அழும் குழந்தைக்கு ஒன்றும் ஆகி விடாது. உலுக்கினால்தான் ஆகும். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால், 14416 என்ற எண்ணில் பேசலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. காசு இல்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

முதல் தவணைத் தடுப்பூசிகள் 6, 10, 14-வது வாரங்களில் வருகின்றன. அழுகை உச்சத்தில் இருப்பதும் அந்த 6-வது வாரம்தான். ஊசிக்குப் போகிற அன்று எடையைப் பார்த்து, மனதில் இருக்கிற சந்தேகத்தையும் நர்சிடம் கேட்டு விடலாம். 14-வது வார ஊசிக்குள் பெரும்பாலான வீடுகளில் விளக்கு வைக்கும் நேரத்துக் கச்சேரி ஓய்ந்திருக்கும். ஊசி போட்டதற்கு அழுவது தனிக் கணக்கு. ஊசி போடும்போதே மார்பில் போட்டுப் பால் கொடுத்தால் அந்த அழுகையும் குறைகிறது.